கால்வாய்ப் படகுத் திருவிழாவுக்குக் களம் அமைக்கப் போகிறீர்களா? தன்னார்வலருக்கான முழுமையான வழிகாட்டி

பந்தக்கால் நட்ட அன்றே கல்யாண வீட்டுக்குக் களை வந்துவிடும். இங்கிலாந்தில் கோடையில் நடக்கும் கால்வாய்ப் படகுத் திருவிழாக்களும் அப்படித்தான். சனி, ஞாயிறு வந்து படகு பார்த்து, ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு அது இரண்டு நாள் விழா. வேலை செய்கிறவர்களுக்கோ முந்தைய திங்கட்கிழமையே தொடங்கிவிடும்: சாணம் காயாத ஒரு மேய்ச்சல் நிலம், ஒரு அளவு நாடா, ஒரு கட்டு மரமுளைகள்.

இந்த வழிகாட்டி அந்த வாரத்தைப் பற்றியது. உங்களிடம் படகு இருக்க வேண்டியதில்லை, படகு ஓட்டத் தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல வருட அனுபவத்தில் எனக்கு இதுதான் உறுதியாகத் தெரிந்தது: சனிக்கிழமைக்கு ஆள் கிடைப்பார்கள், செவ்வாய்க்கிழமைக்குத்தான் ஆள் கிடைக்க மாட்டார்கள். இரண்டு நாள் விடுப்பு எடுக்க முடிந்தால் விழா நாளுக்கு எடுக்காதீர்கள். அமைக்கும் நாளில் ஒன்று, பிரிக்கும் நாளில் ஒன்று எடுங்கள்.

இது ஏன் தன்னார்வலர்கள் கையில் இருக்கிறது

1761-ல் மான்செஸ்டருக்கு நிலக்கரி கொண்டுவர பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் திறக்கப்பட்ட பிறகு, இங்கிலாந்து முழுக்கக் கால்வாய்களை வெட்டினார்கள். அப்புறம் ரயில் வந்தது, லாரி வந்தது, கால்வாய்கள் தூர்ந்தன. அவற்றை மூடிவிடலாம் என்ற பேச்சு எழுந்த காலத்தில், 1946-ல், ராபர்ட் ஐக்மனும் டாம் ரோல்ட்டும் சேர்ந்து தொடங்கியதுதான் இன்லேண்ட் வாட்டர்வேஸ் அசோசியேஷன். 1950 ஆகஸ்டில் மார்க்கெட் ஹார்பரோ ஊரில் நூறு படகுகளுக்கு மேல் திரட்டி ஒரு விழா நடத்தினார்கள். 'இந்தக் கால்வாயில் படகு போகிறது, இதை மூடாதீர்கள்' என்று கண்ணில் காட்டுவதற்கான கூட்டம் அது. இன்றைய படகுத் திருவிழாக்களின் வேர் அங்கேதான் இருக்கிறது.

1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தபோது, மிச்சமிருந்த சரக்குப் படகுத் தொழிலும் பெரும்பாலும் முடிந்துபோனது. 1968-ல் மான்செஸ்டரின் ஆஷ்டன் கால்வாயில் ஒரே வார இறுதியில் 600 தன்னார்வலர்களுக்கு மேல் இறங்கிக் குப்பையை வாரினார்கள். அந்தக் கால்வாய் 1974-ல் மீண்டும் திறந்தது. அந்த உழைப்பாளிகள் வழியாக 1970-ல் உருவானது வாட்டர்வே ரெகவரி குரூப். கால்வாய் தோண்டும் இந்தக் குழுவினர் விழாக்களுக்கு வேலி கட்டவும் கூடாரம் போடவும் வருவார்கள். உங்கள் பக்கத்தில் ஒருவர் சேறு படிந்த பூட்ஸோடு நின்று, சம்மட்டியை உங்களைவிட நான்கு மடங்கு வேகத்தில் போட்டால், அவர் அநேகமாக அந்தக் கூட்டம்தான்.

படி 1: எந்த விழா என்று முடிவு செய்யுங்கள்

லண்டனில் கிராண்ட் யூனியன் கால்வாயின் பாடிங்டன் கிளையும் ரீஜென்ட்ஸ் கால்வாயும் சந்திக்கும் இடம் லிட்டில் வெனிஸ். அங்கே 1983-ல் தொடங்கிய கெனால்வே கேவல்கேட் விழாவின் காலம் மே முதல் வாரத்து வங்கி விடுமுறை. நார்தாம்ப்டன்ஷயரின் பிரான்ஸ்டனில் பழைய சரக்குப் படகுகள் கூடுவது ஜூனில். செஷயரின் மிடில்விச்சில் நாட்டுப்புற இசையும் படகும் சேர்ந்த விழா. பர்மிங்காமுக்கு மேற்கே விண்ட்மில் எண்டில் பிளாக் கன்ட்ரி படகு விழா. இவை பெரியவை. இவை தவிர, ஒரு கால்வாயை மீட்கப் பாடுபடும் சின்னச் சின்ன அறக்கட்டளைகள் நடத்தும் விழாக்கள் ஏராளம்.

முதல்முறை போகிறவர் சின்ன விழாவைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. பெரிய விழாவில் உங்களுக்கு ஒரே வேலை கிடைக்கும். ஐந்து நாளும் கார் நிறுத்துமிடத்திலேயே நின்றுகொண்டிருக்கலாம். சின்ன விழாவில் காலையில் வேலி, மதியம் கேபிள், மாலையில் வரும் படகைக் கரையில் கட்டுவது என்று எல்லாம் கைக்கு வரும்.

இரண்டு மூன்று மாதம் முன்பே எழுதுங்கள். எழுதும்போது எந்தெந்த நாள் வர முடியும், எவ்வளவு எடை தூக்க முடியும், எதெல்லாம் முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். முதுகுவலி உள்ளவருக்கும் வேலை உண்டு: வாக்கி-டாக்கிகளைக் கொடுத்து வாங்கும் மேசை, வரும் படகுகளைப் பதியும் பலகை, சமையல். மறைத்துவிட்டு வந்து இரண்டாம் நாள் படுத்துவிட்டால் எல்லோருக்கும் சிரமம். சாப்பாட்டில் சைவம் என்றால் அதையும் முதல் கடிதத்திலேயே சொல்லுங்கள். ஐம்பது பேருக்குச் சமைப்பவருக்குக் கடைசி நேரத்தில் சொன்னால் ரொட்டியும் சீஸும்தான் மிஞ்சும்.

படி 2: விசா, செலவு, காப்பீடு

இதை நம்மவர்கள் பலர் கவனிப்பதில்லை. சுற்றுலா விசாவில் வந்திருப்பவர், பதிவு பெற்ற அறக்கட்டளைக்கு மொத்தம் 30 நாள் வரை தன்னார்வப் பணி செய்யலாம். பயணத்தின் முக்கிய நோக்கம் அதுவாக இருக்கக் கூடாது. மாணவர் விசாவில் இருப்பவர்கள் தன்னார்வம் செய்யத் தடையில்லை. ஆனால் ஒப்பந்தம் போட்டு, கடமை விதித்து, பணமாகவோ பொருளாகவோ பலன் கொடுத்தால் அது வேலைக்கணக்கில் வந்து, மாணவர் வாரத்துக்கு இத்தனை மணிதான் வேலை செய்யலாம் என்ற வரம்பில் சேர்ந்துவிடும். சந்தேகம் இருந்தால் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

பயணச் செலவு, சாப்பாடு போன்ற கைச்செலவை ரசீது காட்டித் திரும்பப் பெறலாம். 'இந்தாங்க, 50 பவுண்டு, வைத்துக்கொள்ளுங்கள்' என்று மொத்தமாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். அப்புறம் விழாவின் காப்பீடு தன்னார்வலர்களையும் சேர்த்திருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம், நல்ல ஏற்பாட்டாளர்கள் இந்தக் கேள்வியை விரும்புவார்கள்.

படி 3: மூட்டை கட்டுவது

பெரும்பாலும் வயலில் கூடாரம் போட்டோ ஊர் மண்டபத்தின் தரையிலோ படுக்க வேண்டியிருக்கும். தூங்கும் பை, அடியில் விரிக்க ஏதாவது, ஒரு தலைவிளக்கு. விரல் நசுங்காமல் முனையில் இரும்பு வைத்த சேஃப்டி பூட்ஸ் கட்டாயம், அது இல்லாமல் பல இடங்களில் உள்ளேயே விடமாட்டார்கள். தடித்த வேலைக் கையுறை இரண்டு ஜோடி கொண்டுபோங்கள். ஒன்று நனைந்தால் மற்றொன்று. மழைக்கோட்டும் வெயிலுக்கான கிரீமும் இரண்டுமே வேண்டும், ஒரே நாளில் இரண்டும் தேவைப்படும். தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும் ஹை-விஸ் ஜாக்கெட், தலைக்கவசம் பொதுவாக அவர்களே தருவார்கள்.

நீர் புகாத பிளாஸ்திரி ஒரு பெட்டி மறக்காதீர்கள். காரணம், எலிக்காய்ச்சல். கால்வாய்த் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கலாம். கையில் சின்னக் கீறல் இருந்தாலும் கிருமி அதன் வழியாக உள்ளே போகும். கீறலை மூடுங்கள், சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வீடு திரும்பி ஓரிரு வாரத்தில் காய்ச்சல், தலைவலி, தசைவலி வந்தால் மருத்துவரிடம் 'கால்வாயில் வேலை செய்தேன்' என்ற தகவலைச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் அவர் சாதாரணச் சளிக்காய்ச்சல் என்றுதான் நினைப்பார்.

படி 4: முதல் காலை

வந்தவுடன் வேலையில் பாயாதீர்கள். முதலில் ஒரு விளக்கக் கூட்டம் நடக்கும். அதில் நீங்கள் மனதில் பதிக்க வேண்டியவை: யாரிடம் கேட்டு வேலை செய்வது, முதலுதவி எங்கே, வண்டிகள் எந்த வழியாகப் போகும், தண்ணீர் ஓரத்தில் யாரும் தனியாக வேலை செய்யக் கூடாது என்ற விதி. ஃபோர்க் லிஃப்ட், டெலிஹேண்ட்லர் போன்ற தூக்கும் வண்டிகளைச் சான்றிதழ் உள்ளவர்தான் ஓட்ட வேண்டும். 'ஊரில் டிராக்டர் ஓட்டியிருக்கிறேன்' என்பது இங்கே செல்லாது.

இடத்தின் வரைபடம் ஒன்றைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அடுத்த மூன்று நாளும் உங்களிடம் வழி கேட்கிற லாரி ஓட்டுநர்களுக்கு அதுதான் பதில்.

படி 5: நிலத்தை அளந்து குறிப்பது

என் கணக்கில் இந்த வாரத்தின் மிக முக்கியமான வேலை இதுதான், இதைத்தான் பலர் அவசரமாக முடிப்பார்கள். காகிதத்தில் வரைந்த கூடாரம், கடைகள், பாதை எல்லாம் முதன்முதலாக மண்ணில் இறங்குவது இப்போதுதான்.

செங்கோணம் எடுக்க கொத்தனார்களின் பழைய வழியே போதும். ஒரு முளையிலிருந்து ஒரு பக்கம் 3 மீட்டர், அடுத்த பக்கம் 4 மீட்டர் அளந்து முளை அடியுங்கள். அந்த இரண்டு முளைகளுக்கும் இடையே சரியாக 5 மீட்டர் வந்தால் மூலை நேர். பெரிய கூடாரத்துக்கு 6, 8, 10 என்று எடுத்தால் பிழை குறையும். நான்கு மூலையும் குறித்தபின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இல்லையென்றால் எங்கோ ஒரு முளை நகர்ந்திருக்கிறது.

நான் உதவிய ஒரு விழாவில் மூலைவிட்டத்தை அளக்காமல் விட்டுவிட்டோம். கூடாரம் ஏற்றும்போது சட்டங்கள் பொருந்தவில்லை. கோணல் 40 சென்டிமீட்டர்தான். ஆனால் அடித்து இறக்கிய ஆணிகளையெல்லாம் பிடுங்கி மறுபடி அடிக்க ஒரு முழு மதியம் போயிற்று. என்னோடு நாடா பிடித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், முதல்முறை வந்தவர், 'அண்ணா, குறுக்கே ஒரு தடவை அளந்து பாத்துடலாமா?' என்று காலையிலேயே கேட்டார். 'வேண்டாம் தம்பி, நேரமில்லை' என்று சொன்னது நான்தான். இப்போது எந்தக் களத்துக்குப் போனாலும் குறுக்கே அளக்காமல் அடுத்த முளைக்கு நகர்வதில்லை.

இன்னொன்று. கூடார ஆணி ஒரு மீட்டர் வரை மண்ணுக்குள் போகும். அடிக்கும் முன் நிலத்தடியில் மின்கம்பியோ தண்ணீர்க் குழாயோ போகிறதா என்று கருவியால் பார்த்தாயிற்றா என்று கேட்காமல் சம்மட்டியைத் தூக்காதீர்கள். பார்த்த இடத்தைத் தரையில் வண்ணம் தெளித்துக் குறித்திருப்பார்கள். குறி இல்லையென்றால் நிறுத்திக் கேளுங்கள்.

அவசர வழியை எல்லாவற்றுக்கும் முன் குறித்துவிட வேண்டும். தீயணைப்பு வண்டி போக 3.7 மீட்டர் அகலம் தேவை. அந்தக் கோட்டுக்குள் கடை, கேபிள், நிறுத்திய கார் எதுவும் வரக் கூடாது. விழாவுக்கு முதல் நாள் எல்லோரும் அந்த இடத்தைப் பார்த்து, 'காலியாகத்தானே இருக்கிறது' என்று சாமான் இறக்குவார்கள். அப்போது இல்லை என்று சொல்லும் வேலையும் தன்னார்வலருடையதுதான்.

படி 6: வேலி, தண்ணீர், மின்சாரம்

வேலிக்குப் பயன்படுத்துவது ஹெர்ராஸ் என்று எல்லோரும் சொல்லும் கம்பி வலைத் தட்டிகள். ஒன்று சுமார் 3.5 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரம். 100 மீட்டருக்கு 29 தட்டி என்று கணக்கு வரும், வாசலுக்கும் மூலைக்கும் சேர்த்து 32 எடுத்துவையுங்கள். இரண்டு பேர் தூக்க வேண்டும், கைகள் தட்டியின் ஓரக் குழாயில்தான் இருக்க வேண்டும், வலையில் அல்ல. முதலில் அடிக்கட்டைகளை வரிசையாகப் போட்டுக்கொண்டு, பிறகு தட்டியை இறக்கி, உடனே கிளிப் போடுங்கள். கிளிப் போடாத தட்டிமேல் துணிப் பதாகையைக் கட்டினால் அது பாய்மரம். ஒரு காற்றுக்கு மொத்த வரிசையும் சாயும். பதாகை மாட்டும் இடங்களில் பின்பக்கம் முட்டுக் கொடுத்தாக வேண்டும்.

குடிநீருக்கென்று தனிக்குழாய் வரும், பெரும்பாலும் நீல நிறம். அதைத் தரையில் இழுக்கும்போது வாய்களை மூடியே வைத்திருங்கள். வெளியிலிருந்து ஒரு துளி மண் உள்ளே போனாலும், குழாயைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

மின்சாரத்தில் தன்னார்வலர் செய்யக்கூடியது கேபிளை இழுப்பது, பாதை கடக்கும் இடத்தில் மேல்மூடி போடுவது, அவ்வளவுதான். இணைப்பு தருவதெல்லாம் தகுதிபெற்ற எலக்ட்ரீஷியன் வேலை. கேபிளைச் சுருள் சுருளாகக் குவித்து வைக்காதீர்கள். சுமை ஏறும்போது சுருள் சூடாகும். நீளம் மிஞ்சினால் வளைந்து நெளிந்து தரையில் விட்டுவிடுங்கள்.

படி 7: கூடாரங்களும் கழிப்பறைகளும்

பெரிய கூடாரத்தை வாடகை நிறுவனத்தின் ஆள்தான் நடத்துவார். நீங்கள் கயிறு பிடிப்பீர்கள், சட்டம் தூக்குவீர்கள். அவர் 'நிறுத்து' என்றால் அந்த நொடியே நிறுத்துங்கள். எவ்வளவு காற்று வரை கூடாரம் தாங்கும் என்பதற்கு அவரிடம் ஒரு எண் இருக்கும். அதற்கு மேல் காற்று வீசினால் கூட்டத்தை வெளியேற்றவேண்டும் என்பதால் அந்த எண்ணை விழா மேலாளரும் அறிந்திருக்க வேண்டும். கழிப்பறைகளைச் சமதரையில், கழிவு லாரி வந்துபோகக்கூடிய வழியில், சாப்பாட்டுக் கடைகளுக்குக் காற்றுவாட்டம் இல்லாத பக்கத்தில் வைப்பார்கள். மழை பெய்தால் எது சேறாகும் என்று யோசித்துவிட்டு இடம் சொல்லுங்கள்.

படி 8: படகுகள் வரத் தொடங்கும்போது

வியாழன், வெள்ளியில் நாரோபோட்டுகள் என்னும் குறுகலான கால்வாய்ப் படகுகள் வரிசை கட்டும். ஒரு நாரோபோட்டின் அகலம் 7 அடிக்குச் சற்றுக் குறைவு. நீளம் அதிகபட்சம் 70 அடி சொச்சம். 57 அடிப் படகுகள் நிறைய இருக்கும். கால்வாயில் அதிகபட்ச வேகம் மணிக்கு 4 மைல், நடையைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

முன்கூட்டியே ஒரு கேள்வி: படகுகள் இங்கே வரவே முடியுமா? 2025 கோடையில் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றியதால் லீட்ஸ் லிவர்பூல் கால்வாய் உட்படப் பல இடங்களில் லாக்குகளைப் பூட்டி வைத்தார்கள். லாக் என்பது இரு பக்கமும் கதவு வைத்த நீர்த்தொட்டி. படகு மேட்டுக்கு ஏறவும் பள்ளத்துக்கு இறங்கவும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். குறுகலான ஒரு லாக்கை ஒருமுறை நிரப்ப சுமார் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் போகும். அதனால்தான் எதிரே படகு வருகிறதா என்று பார்த்துவிட்டு லாக்கை நிரப்பவோ காலி செய்யவோ சொல்வார்கள். 2012 முதல் இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களை நிர்வகித்துவரும் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் இந்த மூடல்களை அறிவித்துக்கொண்டே இருக்கும். விழாவுக்கு முந்தைய வாரங்களில் தினமும் பாருங்கள்.

லாக்கில் உதவ அனுப்பினால், விண்ட்லஸ் என்னும் எல் வடிவக் கைப்பிடி ஒன்றைத் தருவார்கள். அதைச் சுழற்றித்தான் தண்ணீர் போகும் கதவைத் திறப்பார்கள். கொக்கி மாட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகே கையை எடுக்க வேண்டும், கைப்பிடியை அச்சில் விட்டுவிட்டு நகரவே கூடாது. அது கழன்று சுழன்றால் கை எலும்பு முறியும். லாக் கதவு மேல் ஓடாதீர்கள், தாவாதீர்கள்.

சரி, படகு கரைக்கு வருகிறது. 57 அடிப் படகு 15 டன்னுக்கு மேல் இருக்கும். இதைக் கையால் இழுத்து நிறுத்த முடியாது என்பதை முதலில் உடம்பு நம்ப வேண்டும். நம் ஊரில் தேரை நிறுத்துவது வடம் பிடிப்பவர்களா? சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவர்தான். இங்கேயும் அதே கதை. படகோட்டி கூரையில் இருக்கும் நடுக்கயிற்றை நீட்டுவார். வாங்கி, கரையிலுள்ள முளையிலோ தூணிலோ ஒரு சுற்றுச் சுற்றிக் கயிற்றைப் பிடியுங்கள். உராய்வு படகை மெல்ல நிறுத்தும். கையில் கயிற்றைச் சுற்றிக்கொள்ளாதீர்கள். படகுக்கும் கரைக்கும் நடுவே கால், கை, எதையும் வைக்காதீர்கள். ஏதாவது தண்ணீரில் விழுந்தால் விட்டுவிடுங்கள், அதைப் பிடிக்கக் குனிவதுதான் பெரிய ஆபத்து.

கட்டும் முளைகளைப் புல்தரையில் நன்றாக உள்ளே அடிக்கவேண்டும். முன்கயிறு முன்னோக்கிச் சாய்ந்தும், பின்கயிறு பின்னோக்கிச் சாய்ந்தும் இருந்தால் பக்கத்தில் வேறு படகு போகும்போது இழுக்காது. இரும்புத் தகடு அடித்த கரையாக இருந்தால் முளை இறங்காது, தகட்டில் மாட்டும் கொக்கி கேளுங்கள். முளையின் தலையில் வெள்ளைத் துணியோ காலி பிளாஸ்டிக் புட்டியோ கவிழ்த்துவிடுங்கள். டோபாத் என்னும் கரைப் பாதையில் மிதிவண்டிக்காரர்கள் இரவிலும் வருவார்கள்.

இடம் குறைவாக இருந்தால் படகுகளை இரண்டு மூன்று அருகருகே கட்டுவார்கள். 100 மீட்டர் கரையில் 57 அடிப் படகு ஒற்றை வரிசையில் ஐந்து நிற்கும், இரட்டை வரிசையில் பத்து. ஆனால் மற்ற படகுகள் போகிற நடுவழியை அடைத்துவிடக் கூடாது. படகு திரும்புவதற்கென வெட்டப்பட்ட அகலமான இடத்தில் ஒரு படகைக்கூடக் கட்டவிடாதீர்கள், நின்றுவிட்டால் அதற்குப் பின்னால் வரும் எல்லோரும் தவிப்பார்கள்.

யாராவது தண்ணீரில் விழுந்தால் முதல் குரல்: 'என்ஜினை நிறுத்து!' கால்வாய் பெரும்பாலும் ஆழமில்லை. விழுந்தவர் பல நேரம் நின்றே விடுவார். ஆபத்து படகின் பின்பக்கச் சுழலியிலும், லாக்கின் ஆழத்திலும், தண்ணீரின் குளிரிலும் இருக்கிறது. வளையமோ கயிறோ எறியுங்கள், நீங்கள் குதிக்காதீர்கள்.

இடையில் ஒரு விஷயம்: அனுமதிகள்

ஓரிரு ஆண்டு உதவியபின் உங்களை ஏற்பாட்டுக் குழுவில் சேர்த்துவிடுவார்கள், அப்போது இது பயன்படும். மது விற்கவோ, இரவு இசை நடத்தவோ இங்கிலாந்தில் தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பு என்று ஒன்று கொடுக்கலாம். கட்டணம் 21 பவுண்டு. ஒரே நேரத்தில் 499 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. இதில் நீங்களும் மற்ற தன்னார்வலர்களும் சேர்த்தி, இதைப் பலர் மறந்துபோகிறார்கள். 168 மணி நேரம் வரைதான் செல்லும். குறைந்தது 10 வேலை நாள் முன்பே உள்ளாட்சி மன்றத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கூட்டம் அதைவிடப் பெரிதாகும் என்றால் முறையான வளாக உரிமம் வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகும். கால்வாயையோ டோபாத்தையோ பயன்படுத்துவதற்கு கெனால் அண்ட் ரிவர் டிரஸ்டின் அனுமதி தனி. இரண்டையும் சேர்த்து நினைத்து ஒன்றை மறந்துவிடாதீர்கள்.

படி 9: விழா நாட்கள்

இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முறை வைத்து நிற்பீர்கள், வழி சொல்வீர்கள், தொலைந்த குழந்தைகளின் பெற்றோரைத் தேடுவீர்கள். குழந்தையைத் தனியே விட்டு ஒருபோதும் நகராமல் வாக்கி-டாக்கியில் சொல்லி அழையுங்கள். குழந்தையின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லவே சொல்லாதீர்கள். ஒரு மணி நேரமாவது ஓய்வெடுத்து, இரவில் விளக்கு அலங்காரத்தோடு படகுகள் வரிசையாகப் போவதைக் கரையில் உட்கார்ந்து பாருங்கள். நீங்கள் அடித்த முளையில் கட்டிய படகும் அந்த வரிசையில் இருக்கும். சாமானியமாகத் தெரியும், ஆனால் மனம் குளிரும்.

படி 10: பிரிப்பது

ஞாயிறு மாலை கூட்டம் கலைந்ததும் முதலில் எதுவும் செய்யாதீர்கள். பொதுமக்கள் எல்லோரும் வெளியேறிவிட்டார்கள் என்று மேலாளர் சொன்ன பிறகுதான் வண்டிகள் உள்ளே வரும். பிரிப்பது கட்டியதன் தலைகீழ் வரிசை: மின்சாரம் துண்டித்த பின் கேபிள், கடைகள் போன பின் கூடாரம், கடைசியில் வேலி. உடம்பு களைத்திருக்கும், ஆள் குறைந்திருக்கும், அடிபடுவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். திங்கட்கிழமைக்கு நான்கு பேர் கூடுதலாகத் தங்கினால் வேலையின் கனம் பாதியாகிவிடும்.

எல்லா லாரிகளும் போனபின் ஒரு வேலை மிச்சமிருக்கும். பதினைந்து பேர் கைநீட்டும் தூரத்தில் வரிசையாக நின்று, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மெதுவாகப் புல்லைப் பார்த்தபடி நடக்க வேண்டும். கேபிள் கட்டும் பிளாஸ்டிக் துண்டு, வளைந்த ஆணி, உடைந்த முளைத் தலை, புட்டி மூடி எல்லாவற்றையும் பொறுக்குங்கள். அடுத்த வாரம் மறுபடி மாடு மேயும் நிலம் அது. ஒரு கம்பித்துண்டு மாட்டின் வயிற்றுக்குள் போனால் போதும், அந்த விவசாயி அடுத்த வருடம் நிலம் தரமாட்டார். வரிசை முடிந்ததும் திரும்பி, குறுக்காக ஒரு முறை. கூடாரம் நின்ற இடத்தில் மஞ்சளாகிக் கிடக்கும் புல் சதுரத்தில் மட்டும் இரண்டாம் முறை கவனமாகப் பாருங்கள், ஆணிகள் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.